மனம் நெகிழ்ந்து மார்க் வாங்குவது எப்படி?

நாட்டு நலப்பணித் திட்டத்தில் பெயர் கொடுத்துவிட்டீர்கள். வருஷத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் சேவை. நடுவே 7 நாள் சிறப்பு முகாம். காந்தி நூற்றாண்டான 1969-இல் தொடங்கிய திட்டம், குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்த வருஷ முகாம் கல்வராயன் மலையில் என்று திட்ட அலுவலர், அதாவது பி.ஓ. சார் அறிவித்ததும் வகுப்பே கைதட்டியிருக்கும். மேகம் அருவியா, பெரியார் அருவியா என்று வாட்ஸ்அப் குழுவில் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே சார் இன்னொன்றும் சொல்லியிருப்பார். போனோம் வந்தோம் என்று இருக்கக் கூடாதாம். ஊர்ப் பிரச்சினைகளில் கண்டது, கற்றது, உணர்ந்தது எல்லாவற்றையும் தினமும் சிந்தனை நாட்குறிப்பாக எழுத வேண்டுமாம். அதற்கு இருபது மார்க்.

அந்த இருபதையும் முழுசாக வாங்க நினைக்கிறவர்களுக்குத்தான் இந்தக் கையேடு. மலையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள நினைக்கிறவர்களுக்கு இதில் எதுவும் இல்லை. அவர்கள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும்.

முதலில் நோட்டு. லாங் சைஸ், பிரவுன் அட்டை, மேலே பிளாஸ்டிக் உறை. முதல் பக்கத்தில் ஒரு தலைவர் படம். யார் என்பது உங்கள் துறைத் தலைவரின் மனப்போக்கைப் பொறுத்தது. சட்டைப் பையில் அடங்குகிற சின்ன நோட்டு வேண்டவே வேண்டாம். அதை நின்ற இடத்தில் எடுத்து எழுதத் தோன்றும். நின்ற இடத்தில் எழுதினால் எதிரில் நிற்பவர் சொன்னதுதான் நோட்டில் ஏறும். ராத்திரி சாப்பிட்டு, கைகழுவி, பாயில் படுத்துக்கொண்டு எழுதினால்தான் நீங்கள் உணர்ந்தது ஏறும்.

முதல் நாள் பக்கத்தை மலை ஏறுவதற்கு முன்பே முடித்துவிடலாம். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வண்டிக்குக் காத்திருக்கிற நேரம் போதும். இயற்கை அன்னை பச்சைப் பட்டு உடுத்தியிருந்தாள், பாதை வளைந்து நெளிந்து சென்றது, மக்கள் வெள்ளந்தி, வறுமையிலும் மாறாத புன்னகை: இவ்வளவுதான், கச்சிராயப்பாளையம் தாண்டும்போது நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம். எந்தத் தேதியில் எந்த அதிகாரி வந்தார், என்ன சொல்லிவிட்டுப் போனார் என்று பத்து வருஷக் கதையை வரிசை பிசகாமல் ஒப்பிக்கிற பெரியவர் ஒருவர் வெள்ளிமலைப் பக்கம் உங்களிடம் மாட்டலாம். அவரையும் வெள்ளந்தி என்றே எழுதவும்.

மரவள்ளிக் கொல்லையைப் பார்த்தால் ‘பசுமை’. அத்தோடு நகர்ந்துவிட வேண்டும். கிழங்கு டன் என்ன விலைக்குப் போகிறது, சேகோ ஆலையில் மாவுச்சத்துக்குப் பாயின்ட் பார்க்கும்போது எவ்வளவு கழிகிறது, லாரி வாடகை யார் தலையில் என்று வாயைக் கொடுத்தால் பசுமை பழுத்துவிடும்.

எழுதும் முறைக்கு வருவோம். ஆசிரியப் பயிற்சி, செவிலியர் பயிற்சி, சமூகப்பணி என்று எங்கே போனாலும் கிரகாம் கிப்ஸ் என்ற ஆங்கிலேயக் கல்வியாளர் 1988-இல் வகுத்துக் கொடுத்த ஆறு படிகளைச் சொல்வார்கள். என்ன நடந்தது, நான் என்ன உணர்ந்தேன், அதில் நல்லது கெட்டது எது, ஏன் அப்படி ஆயிற்று, வேறு என்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன செய்வேன். மனிதர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் மார்க் வாங்கத் தெரிந்தவர் கைக்கு வந்தால் இது எப்பேர்ப்பட்ட கருவி என்று பாருங்கள். முகாம் போட்ட ஊருக்கு பஸ் வருவதில்லை என்று வைத்துக்கொள்வோம். என்ன நடந்தது? பஸ் வரவில்லை. என்ன உணர்ந்தேன்? கால் வலித்தது, கண் கலங்கியது. நல்லது கெட்டது? நடந்ததால் நட்பு வளர்ந்தது. ஏன் அப்படி? நகரத்தில் வளர்ந்த நான் சொகுசுக்குப் பழகிவிட்டேன். வேறு என்ன செய்திருக்கலாம்? நல்ல செருப்பு எடுத்துப் போயிருக்கலாம். அடுத்த முறை? எளிய வாழ்க்கை வாழ்வேன்.

ஆறு படியில் பஸ்ஸுக்கு ஒரு படி, மீதி ஐந்தும் உங்களுக்கு. அந்த வழித்தடத்தில் வண்டி எப்போதாவது ஓடியதா, எந்த வருஷம் நின்றது, நிறுத்தியதற்கு டெப்போவில் என்ன காரணம் சொன்னார்கள், பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளில் எத்தனை பேர் அதனால் பதினொன்றாம் வகுப்பில் சேரவில்லை என்றெல்லாம் கிப்ஸ் கேட்கவே இல்லையே என்று நீங்கள் தைரியமாகச் சொல்லலாம். நான்காம் படியில் அவர் அதைத்தான் கேட்டார் என்று வைவாவுக்கு வருகிறவர் யாராவது பிடித்துக்கொண்டால் நீங்கள் அதிர்ஷ்டம் கெட்டவர்.

நாட்குறிப்புக்குத் தமிழில் முன்மாதிரி தேடப் போகிறேன் என்று நூலகப் பக்கம் ஒதுங்குவதும் ஆபத்து. பக்கத்துப் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை என்று ஒருவர் இருந்தார். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயிடம் துபாஷாக இருந்தவர். 1736-இல் தொடங்கி 1761-இல் சாகும்வரை எழுதித் தள்ளினார். எந்தக் கப்பல் என்ன சரக்கோடு வந்தது, யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள், கவர்னர் எந்த நேரத்தில் என்ன சொன்னார், அதற்கு எதிரில் நின்றவர் முகம் எப்படிப் போயிற்று என்று மணிக்கணக்கோடு குறித்துவைத்திருக்கிறார். மனம் நெகிழ அவருக்கு நேரமில்லை. மனக்கசப்புக்கு மட்டும் நிறைய நேரம் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியைப் பற்றி எழுதுகிற சரித்திரக்காரர்கள் இன்றும் அவரைத்தான் புரட்டுகிறார்கள். நம் இன்டர்னலுக்கு அவரை அனுப்பியிருந்தால் எட்டு மார்க் தேறியிருக்கும்.

கிராம சபையில் உட்கார்வது

முகாம் நாட்களில் கிராம சபை வந்து விழுந்தால் அதைவிடச் சோதனை வேறில்லை. முன்பெல்லாம் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள்தான்; இப்போது மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்துவிட்டார்கள். வருஷத்தில் ஆறு முறை மாட்டிக்கொள்ள வாய்ப்பு. தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியிலேயே முடிந்து, கணக்கு வழக்கெல்லாம் தனி அலுவலர் கைக்குப் போய்விட்டது. கள்ளக்குறிச்சி புது மாவட்டம் என்பதால் 2021 அக்டோபரில் தாமதமாகத் தேர்தல் நடந்த ஒன்பது மாவட்டங்களில் ஒன்று. எனவே மற்ற ஊர்களில் நாற்காலி காலியான பிறகும் இங்கே கேள்வி கேட்கத் தலைவர் என்று ஒருவர் இருந்தார்.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. பேனர் முன்னால் நின்று ஒரு போட்டோ. ஜியோ டேக் கட்டாயம். கல்லூரிக்குத் தரம் போட வரும் நாக் கமிட்டிக்கு அட்சரேகை தீர்க்கரேகை இல்லாத சேவை சேவையாகாது. மலையில் சிக்னல் விட்டுவிட்டு வருவதால் செயலி உங்களைச் சங்கராபுரத்தில் நிற்பதாகக் காட்டலாம். பதற வேண்டாம், அதை யாரும் பெரிதாக்கிப் பார்ப்பதில்லை. தீர்மானம் படிக்கத் தொடங்கியதும் எழுந்து போய்விட வேண்டும். நோட்டில் எழுத வேண்டியது: ‘மக்களாட்சியின் மாண்பை நேரில் கண்டு மெய்சிலிர்த்தேன்.’

இப்படிச் செய்யாமல் கடைசிவரை உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கெட்ட பக்கத்தைக் கற்பனையாக எழுதிக் காட்டுகிறேன். யாரும் பின்பற்ற வேண்டாம்.

‘ஜன. 26. சபை தொடங்கியது 11.20. நான் எண்ணிய தலை 61. பதிவேட்டில் கையெழுத்து 118. ஊராட்சி மக்கள்தொகை 3,000-க்குள். குறைவெண் வரம்பு 100. பற்றாளர் வந்தது 11.45. பள்ளிக்குப் பின்னால் இருக்கிற தண்ணீர்த் தொட்டிக்கு ஏன் இன்னும் இணைப்பு தரவில்லை என்று ஓர் அக்கா கேட்டார். அதற்குப் போன தடவையே தீர்மானம் போட்டாயிற்று என்றார் செயலர். எந்தத் தேதி, எத்தனையாவது தீர்மானம் என்று அக்கா கேட்டார். பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். முடிந்தது 12.05. கேசரி.’

இதில் மனம் எங்கே, நெகிழ்ச்சி எங்கே? கேசரி ஒன்றுதான் ஆறுதல். அதைவிட மோசம், இந்தப் பக்கம் நோட்டோடு நிற்காது. ஊராட்சியின் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் சபை செல்லும் என்று 2006-இல் அரசாணை போட்டு வைத்திருக்கிறார்கள். 61-ஐயும் 118-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்த பையன், இன்றில்லாவிட்டாலும் நாளை, தீர்மான நகல் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போட்டுவிடுவான். பத்து ரூபாய் செலவு. முப்பது நாளில் பதில் தர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. அப்புறம் அந்த அக்கா, தொட்டி, செயலர் எல்லாரும் அவன் வாழ்க்கையில் நிரந்தரமாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள். செமஸ்டர் பரீட்சைக்கு யார் படிப்பது?

நிலத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் தண்ணீர் குடிக்க எழுந்து போவது உத்தமம். அது நீளமான கதை. சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்று மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்த மலை இது. முழுசாக விடுபட 1970-கள் வரை ஆயிற்று. காடு யாருடையது, கொல்லை யாருடையது என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. வன உரிமைச் சட்டம் வந்தது 2006-இல். தமிழ்நாட்டில் உரிமைப் பட்டா கொடுப்பதற்கு முன் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும் என்று 2008-இல் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட, 2016-இல் உச்ச நீதிமன்றம் அதை விலக்கும்வரை மனுக்கள் கட்டுக்கட்டாகத் தூங்கின. அந்தச் சட்டப்படி உரிமையை முதலில் பரிசீலிப்பது கிராம சபை. சபையில் பாதிப்பேர் வந்தாக வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஒரு திண்ணையில் உட்கார்ந்து இதைக் கேட்டு எழுதிக்கொண்டால் நான்கு பக்கம் போய்விடும். ‘மலைவாழ் மக்கள் இயற்கையோடு இயைந்து வாழ்கின்றனர்’ என்று எழுதினால் ஒரு வரி.

சாராயம் பற்றி

இந்த ஓரிடத்தில் மட்டும் எனக்குக் கேலி சரியாக வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஊர் நடுவில் நடந்தது அது, மலையில் இல்லை. மெத்தனால் பானையில் ஊறி வருகிற பொருளும் இல்லை. ஆலையில் தயாராகி, பீப்பாயில் ஏறி, பல கை மாறி வருகிற ரசாயனம். இருந்தும் அந்த மாதத்திலிருந்து கல்வராயன் மலை என்றால் சாராய ஊறல் என்று ஆகிப்போயிற்று. தொலைக்காட்சியில் பேரல் பேரலாகக் கவிழ்த்துக் காட்டினார்கள். அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் மலைமக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்து, சாலை என்ன ஆயிற்று, பள்ளி, மருத்துவம், ரேஷன் என்ன ஆயிற்று என்று அரசைக் கேட்கத் தொடங்கியது. விஷச் சாராய வழக்கு நவம்பரில் சி.பி.ஐ.க்குப் போனது.

இத்தனை வருஷமாக அந்த மலைக்கு எத்தனையோ கல்லூரிகள் முகாம் போயிருக்கும். நோட்டுகளை அடுக்கினால் ஒரு தடுப்பணை கட்டலாம். எந்த ஊருக்கு எந்த மாதத்தில் 108 வண்டி வர முடியாமல் போயிற்று, எந்தப் பள்ளியில் எத்தனை நாள் ஆசிரியர் இல்லை என்று நீதிமன்றம் கேட்டது போன்ற ஒரு கேள்விக்கு அந்த நோட்டுகளில் விடை தேடினால் கிடைக்காது என்பது என் துணிபு. சூரிய உதயம் கிடைக்கும். அது எல்லா நோட்டிலும் இருக்கும்.

சரி, வேலையைப் பார்ப்போம். சாராயம் சம்பந்தமாக நீங்கள் செய்ய வேண்டியது விழிப்புணர்வுப் பேரணி. ‘குடி குடியைக் கெடுக்கும்’ பதாகை பிடித்து, குடியே இல்லாத ஒரு தெருவில் காலை பத்து மணிக்கு நடக்கவும். எல்லாரும் கொல்லைக்குப் போயிருப்பார்கள். பாட்டிகளும் நாய்களும் வேடிக்கை பார்க்கும். நோட்டில் ‘மக்களிடையே பெரும் தாக்கத்தை ஏற்படுத்தினோம்’ என்று எழுதவும். விற்பனை யார் கண்ணெதிரில் நடந்தது என்ற கேள்விக்குப் பதாகையில் இடம் கிடையாது, துணி மூன்று முழம்தான்.

இடையில் சில்லறை விஷயங்கள். கோயில் வளாகத்தைச் சுத்தம் செய்ததை எழுதும்போது, போன வருஷம் வேறு கல்லூரி வந்து அதே வளாகத்தைச் சுத்தம் செய்ததையும், மாமரத்துக்குப் பக்கத்தில் அவர்கள் நட்டுவைத்த கன்றுக்குக் கம்பி வேலி மட்டும் மிச்சமிருப்பதையும் விட்டுவிடவும். ஊரைத் ‘தத்தெடுத்தோம்’ என்று எழுதலாம். ஏழாம் நாள் சாயங்காலம் பெற்றோர் பஸ் ஏறிப் போவது நம் வழக்கம்தான். சர்வே எடுக்கச் சொன்னால் கழிப்பறை உண்டா இல்லையா என்ற கட்டத்தில் ‘உண்டு’ என்று டிக் போடவும். உள்ளே விறகு அடுக்கியிருக்கிறது என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

மனு

கடைசியாக, மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம். நிறைவு விழா முடிந்து, சுண்டல் கொடுத்து, எல்லாரும் மூட்டை கட்டுகிற நேரத்தில் ஓர் அம்மா உங்களைத் தேடி வருவார். கையில் நான்காக மடித்த ஒரு சீட்டு இருக்கும். மகனுக்குச் சாதிச் சான்று கேட்டு மனுக் கொடுத்திருக்கிறார். மலையாளிப் பழங்குடி, பழைய தென்னாற்காடு மாவட்டம் உட்பட சில மாவட்டங்களில் மட்டும் பட்டியலில் உள்ள இனம். சான்று தர வேண்டியவர் கோட்டாட்சியர். விழுப்புரம்தான் மாவட்டத் தலைநகர் என்றிருந்த காலத்தில் கலெக்டரைப் பார்க்க நூறு கிலோமீட்டருக்கும் மேல் போக வேண்டும். 2019 நவம்பர் 26-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனதில் தூரம் குறைந்தது. அதனால் அந்த அம்மா திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு விடியற்காலை பஸ்ஸில் இறங்கிப் போயிருக்கிறார். வாசலில் மனு எழுதுகிறவருக்குக் காசு, பையைத் திறந்து காட்டிப் போலீஸ் சோதனை, வரிசை, கலெக்டர் கை, அங்கிருந்து ஒரு மேஜை, அந்த மேஜையில் இந்தச் சீட்டு. அன்றைக்குக் கூலி போயிற்று. இதெல்லாம் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் தலையாட்டிக்கொண்டிருப்பீர்கள்.

“சீட்டு நனைஞ்சா எழுத்து போயிடும் தம்பி. இந்த நம்பரை உன் நோட்டுல எழுதி வெச்சிக்கயேன். நீ படிச்ச புள்ள, என்னா ஆச்சின்னு போன்ல பாத்து சொல்லு.”

மறுக்க முடியாது. ‘எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்கம்மா’ என்று சொல்லி உங்கள் செல் நம்பரையும் எழுதிக் கொடுத்திருப்பீர்கள். ஏழு நாள் நெகிழ்ச்சியின் உச்சம் அது. மனு எண்ணை எங்கே எழுதுவது? நாட்குறிப்பின் நல்ல பக்கத்தில் எழுதினால் திருத்துகிறவர் கண்ணில் உறுத்தும். கடைசி அட்டையின் உட்புறம், ஹோட்டல் கணக்குக்குப் பக்கத்தில், பென்சிலால் எழுதவும். நல்ல பக்கத்தில் ‘ஒரு தாயின் கண்களில் நம்பிக்கை ஒளியைக் கண்டேன்’ என்று எழுதவும். பதினெட்டு மார்க் நிச்சயம். கையெழுத்து நன்றாக இருந்தால் இருபது.

நோட்டைச் சமர்ப்பித்தால் திரும்பி வராது. துறை அலமாரியில் ஐந்து வருஷம் இருக்கும், அதற்குப் பிறகு எடைக்குப் போகும். ஜூன் மாதம் பள்ளிச் சேர்க்கை நேரத்தில் வெள்ளிமலையிலிருந்து ஒரு போன் வரும். “தம்பி, அந்த நம்பர்...” என்று குரல் தொடங்கும். அப்போது “ஹலோ, ஹலோ, கேக்கலைங்கம்மா” என்று இரண்டு முறை சொல்லிவிட்டு வைத்துவிடவும். மலையில் டவர் சரியில்லை என்பது அந்த அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். தப்பாக நினைக்க மாட்டார். சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறிப்போய் மறுபடியும் கூப்பிடுவார்.